ஐபேட் இருக்கட்டும், முதலில் பேங்க் ஐடி எடுங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். ஆகஸ்டில் குடும்பத்தோடு ஸ்டாக்ஹோம் வருகிறீர்கள். ஷிஸ்தாவில் வேலை. (கிஸ்டா என்று எழுதிவிட்டு ஷிஸ்தா என்றுதான் சொல்வார்கள், இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.) பையன் சென்னையில் நான்காம் வகுப்பு, பெண்ணுக்கு ஆறு வயது. ஸ்வீடனில் பாடமெல்லாம் கணினியில்தான் என்கிறார்களே, ஐபேட் வாங்கி வந்துவிடலாமா, இங்கேயே கோடிங் வகுப்பில் சேர்த்துப் பழக்கிக் கூட்டி வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை, குளிருக்கு ஜாக்கெட், நம்மவர்கள் எந்தப் பக்கம் அதிகம் என்றும்.

வாடகையை உங்கள் கம்பெனிக்காரர்களிடம் கேளுங்கள். ஜாக்கெட்டை இங்கே வந்து வாங்குங்கள், தி.நகரில் விற்பது ஊட்டிக்குத்தான் தாங்கும். நம்மவர்கள் எங்கே என்று தேடவே வேண்டாம், அவர்களே உங்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஐபேட் வாங்காதீர்கள். பள்ளிக்குத் தேவையான கருவியைப் பள்ளியே தரும். தொழில்நுட்பத்தில் சிக்கிக்கொள்ளப் போவது உங்கள் பிள்ளைகள் இல்லை, நீங்களும் உங்கள் மனைவியும்தான்.

நாங்கள் திருச்சியிலிருந்து வந்தது 2013 பிப்ரவரியில். பையனுக்கு ஏழு வயது. அங்கே இரண்டாம் வகுப்பில் பாதி முடித்தவனை இங்கே ஒன்றாம் வகுப்பில் போட்டார்கள். வயதைப் பார்த்துத்தான் வகுப்பு, மார்க் ஷீட்டை யாரும் கையால்கூடத் தொடவில்லை. உங்கள் பையனுக்கும் அதுதான் நடக்கும், சண்டைக்குப் போகாதீர்கள். பெண் போகப்போவது முதல் வகுப்புக்கு முந்தைய வகுப்பு. 'நோலன்' என்பார்கள், பூஜ்யம் என்று அர்த்தம். பூஜ்யமாக இருந்தாலும் 2018 முதல் அது கட்டாயம், ஊருக்குப் போகிறோம் என்று நினைத்தபோது லீவு போட முடியாது.

வந்த மூன்றாவது வாரம் பையன் மாலையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். அன்றைக்கு வகுப்பு முழுவதும் பனிச்சறுக்கு மைதானத்துக்குப் போயிருக்கிறது. எல்லாரும் சறுக்குக் காலணியும் ஹெல்மெட்டும் கொண்டு வந்திருக்கிறார்கள். இவன் மட்டும் ரெண்டு மணி நேரம் ஓரமாக நின்று டீச்சரின் ஃபிளாஸ்கைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான். "அம்மா, எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, நமக்கு மட்டும் தெரியல" என்றான். தகவல் ஒரு வாரத்துக்கு முன்பே வந்திருக்கிறது. பள்ளியின் இணையப் பக்கத்துக்குள் நுழைந்தால் பார்க்கலாம். நுழைய என்ன வேண்டும்? பேங்க் ஐடி, அதாவது வங்கி தரும் மின்னணு அடையாளம்.

இதுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. முதலில் வரி அலுவலகத்தில் பதிவு செய்து பெர்சனல் நம்பர், அதாவது ஆளுக்கொன்றாகத் தரும் அடையாள எண், வாங்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். அது வந்த பிறகு, அதே அலுவலகத்தில் பணம் கட்டி அடையாள அட்டை வாங்க வேண்டும். பெரும்பாலும் அட்டை வந்த பிறகுதான் வங்கிக் கணக்கு, கணக்கு வந்த பிறகுதான் போனில் பேங்க் ஐடி. அதன் பிறகே பள்ளி உங்களுக்குத் திறக்கும். வாரக் கடிதம், பாட அட்டவணை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் காலையில் விடுப்பு சொல்வது, ஆசிரியரைச் சந்திக்க நேரம் எடுப்பது எல்லாம் அதற்குள்தான். நம்மவர்கள் செய்யும் பெரிய தப்பு, கணவன் பேங்க் ஐடி எடுத்ததோடு போதும் என்று விட்டுவிடுவது. எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. தகவலெல்லாம் அவர் போனுக்குப் போகும், அவர் மீட்டிங்கில் இருப்பார், பிள்ளையைப் பள்ளியில் விடும் நான் ஒன்றும் தெரியாமல் நிற்பேன். உங்கள் மனைவிக்கும் முதல் நாளிலிருந்தே தனியாக விண்ணப்பம் போடுங்கள். அதுவரை வகுப்பாசிரியரிடம் நேரில் போய், "எங்களால் இன்னும் உள்ளே நுழைய முடியவில்லை, தாளில் எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். கேட்டால் தருவார்கள். நான் கேட்கவில்லை. கேட்டால் கேவலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நுழைந்த பிறகும் கதை முடியவில்லை. எல்லாம் ஸ்வீடிஷ் மொழியில் இருக்கும். ஏப்ரலில் ஒருநாள் காட்டுக்குப் போகிறார்கள், 'மாட்செக்' கொண்டு வரவும் என்று போட்டிருந்தது. அகராதியைப் பிரித்தேன். 'மாட்' என்றால் சாப்பாடு, 'செக்' என்றால் சாக்கு. சரி, அங்கே ஏதோ சாப்பாடு கொடுப்பார்கள் போல, வாங்கிப் போட்டுக்கொள்ள ஒரு பை கேட்கிறார்கள் என்று நானாக முடிவு செய்து, திருச்சி ஜவுளிக்கடை மஞ்சப்பை ஒன்றைத் துவைத்து மடித்துக் கொடுத்தனுப்பினேன். மாட்செக் என்றால் கட்டுச்சோறு. காட்டில் எல்லாரும் ரொட்டியும் பழமும் எடுத்து விரிக்க, என் பிள்ளை காலி மஞ்சப்பையை எடுத்து விரித்திருக்கிறான். நாலைந்து பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார்களாம். பை நிறைந்துதான் திரும்பி வந்தான் என்று வையுங்கள்.

அடுத்த திங்கட்கிழமையே எஸ்.எஃப்.ஐ. வகுப்புக்குப் பேர் கொடுத்தேன். குடியேறிகளுக்கு ஸ்வீடிஷ் சொல்லித் தரும் வகுப்பு, கட்டணம் கிடையாது. இங்கே பத்து வருடமாக இருந்தும் "எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியுமே" என்று மொபைல் மொழிபெயர்ப்பைக் காட்டியே காலம் தள்ளும் நம்மூர் ஐ.டி. குடும்பங்கள் எத்தனையோ எனக்குத் தெரியும். எனக்கு முன்பே இங்கே வந்த இலங்கைத் தமிழர்களைப் பாருங்கள், நான் பழகியவர்களில் ஸ்வீடிஷ் பேசாத ஆளே இல்லை. அவர்களுக்குத் திரும்பிப் போகிற எண்ணம் இல்லை, கற்றுக்கொண்டார்கள். நாம் 'இரண்டு வருடத்தில் ஊருக்கு' என்று சொல்லிக்கொண்டே பதினைந்து வருடம் இருந்துவிடுகிறோம். அது வேறு கதை.

இனி வகுப்புக்குள் கணினி. நாங்கள் வந்த காலத்தில் கருவி மோகம் உச்சத்தில் இருந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பென்சிலுக்கு முன்பே விசைப்பலகையில் எழுதினார்கள். நார்வேக்காரர் ஆர்னே ட்ராகெத்தோன் சொன்ன முறை: கை பழகாத பிள்ளைக்கு எழுத்தை வரைவதே பெரும்பாடு, தட்டச்சில் முதலில் கதை எழுதட்டும், எழுதி எழுதி வாசிக்கக் கற்கட்டும், கையெழுத்து பிறகு வரட்டும் என்பது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரிலிருந்து ஒரு டஜன் நான்கு கோடு நோட்டு கொண்டு வந்திருந்தேன். வீட்டில் உட்காரவைத்து எழுத வைத்தேன், அவன் அழுதான், நானும் அழுதேன்.

பிறகு ஒருநாள் வகுப்பில் போய் உட்கார்ந்து பார்த்தேன். பெற்றோர் பார்க்கலாம், முன்கூட்டிச் சொன்னால் போதும். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு கணினி. ஒருத்தி சொல்ல, இவன் தட்டுகிறான், அப்புறம் மாறிக்கொள்கிறார்கள். எழுதியதைப் பக்கத்து ஜோடி படித்து, "நாய் ஏன் ஓடிப்போச்சுன்னு எழுதவே இல்லையே" என்று கேட்கிறது. திரும்ப எழுதுகிறார்கள். ஸ்வீடிஷ் தெரியாத என் பிள்ளை இரண்டு மாதத்தில் அங்கே வாயைத் திறந்திருந்தான். நோட்டுகளை அலமாரியில் வைத்துவிட்டேன்.

ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே சோலென்டுனா நகராட்சியில் இதே மாதிரி ஒரு முறையை வளர்த்தெடுத்து, 2016இல் ஆய்வாக வெளியிட்டார்கள். சேர்ந்து எழுதி, ஒருவர் எழுதியதற்கு ஒருவர் கருத்துச் சொல்லிக் கணினியைப் பயன்படுத்திய வகுப்புகள் முதலிடம். பழைய மாதிரி தாளும் பென்சிலுமாகப் படித்தவர்கள் அடுத்து. ஆளுக்கொரு கருவியைக் கையில் கொடுத்துத் தனித்தனியாக விட்ட வகுப்புகள் கடைசி. இப்போது நான் ஒரு பள்ளியில் ஃப்ரிடிட்ஸில், அதாவது வகுப்பு முடிந்த பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், வேலை செய்கிறேன். அந்த ஆய்வு சொன்னதைத்தான் தினமும் பார்க்கிறேன். ஒரு திரைக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் என்றால் சத்தம் இருக்கும், சண்டை இருக்கும், ஏதாவது ஒன்று உருவாகும். ஒரு பிள்ளைக்கு ஒரு திரை என்றால் அமைதியாக இருக்கும். அந்த அமைதியைப் பார்த்துப் பெற்றோர் ஏமாந்துவிடக் கூடாது. என் பையனே ஏழாம் வகுப்பில் பள்ளி கொடுத்த மடிக்கணினியில் கணக்குப் பாடத்துக்குப் பின்னால் கால்பந்து விளையாட்டைத் திறந்து வைத்து ஒரு பருவத்தை ஓட்டினான். ஆசிரியர் கண்டுபிடிப்பதற்குள் எனக்குத் தெரியவந்தது, எப்படி என்று கேட்காதீர்கள்.

ஊரிலிருந்து உங்களுக்கும் வாட்ஸாப்பில் வந்திருக்கும்: 'ஸ்வீடன் கணினியைத் தூக்கி எறிந்துவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டது.' பாதிதான் உண்மை. நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கான பன்னாட்டு வாசிப்புத் தேர்வில் ஸ்வீடன் 2016இல் 555 எடுத்தது, 2021இல் 544. அதிர்ந்துபோனார்கள். 2023இல் அன்றைய பள்ளி அமைச்சர் லோட்டா எட்ஹோல்ம் அச்சுப் புத்தகம், கையெழுத்து, திரையில்லாத வாசிப்பு என்று பேச ஆரம்பித்தார். அந்த ஆண்டு மட்டும் பாடப்புத்தகம் வாங்க 685 மில்லியன் குரோனர் ஒதுக்கினார்கள். 2024 ஜூலையிலிருந்து பாடப்புத்தகம் பெறுவது மாணவருக்கு உள்ள உரிமை என்று பள்ளிச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். அதற்காகக் கணினி போய்விடவில்லை. 2018இல் கணக்குப் பாடத்துக்குள் கொண்டு வந்த நிரலாக்கம் அப்படியேதான் இருக்கிறது. சின்ன வகுப்பில் அதற்குக் கணினியே வேண்டாம், ஒரு பிள்ளை ரோபோ, இன்னொரு பிள்ளை 'இரண்டு அடி முன்னால், வலது பக்கம் திரும்பு' என்று சொல்லும், அவ்வளவுதான். இதற்காக இங்கே காலை ஆறு மணிக்குப் பிள்ளையை எழுப்பி, இந்தியாவிலிருந்து நடக்கும் ஆன்லைன் கோடிங் வகுப்பில் தூங்கி வழிய உட்கார வைக்கிறார்கள் சில பேர். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை ஒன்று மாலையில் என்னிடம் வந்து சோபாவில் படுத்ததும் தூங்கிவிடுகிறது.

பையனுக்கு மொபைல் வாங்கித் தரலாமா என்றால், வாங்குங்கள், ஆனால் அது பள்ளியில் பைக்குள்கூட இருக்காது. வகுப்பு வாசலில் வரிசையாகப் பாக்கெட் தைத்த துணி ஒன்று தொங்கும். 'மொபைல் ஹோட்டல்' என்று பெயர். காலையில் அங்கே போட்டால் மாலையில்தான் கைக்கு வரும். இப்போது பல பள்ளிகள் தாமாகவே செய்கின்றன, 2026 இலையுதிர் பருவத்திலிருந்து நாடு முழுவதும் கட்டாயம் என்று அரசு அறிவித்திருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. பிறந்தநாள் விழாவில் வகுப்புப் பிள்ளைகளை எல்லாம் சேர்த்துப் படம் எடுத்துத் தமிழ் வாட்ஸாப் குழுவில் போடாதீர்கள். பள்ளியில் சேர்க்கும்போதே படம் எடுக்கச் சம்மதமா என்று படிவம் தருவார்கள், சம்மதிக்காத பெற்றோரும் இருப்பார்கள். இந்த விஷயத்தில் இவர்கள் கறார். 2018இல் வடக்கே ஒரு மேல்நிலைப் பள்ளியில் முகத்தை அடையாளம் காணும் கேமராவை வைத்து வருகைப் பதிவு எடுத்துப் பார்த்தார்கள். இருபத்திரண்டு மாணவர்கள்தான், சோதனைக்காக, சம்மதமும் வாங்கியிருந்தார்கள். அப்படியும் 2019இல் அந்த நகராட்சிக்கு 2,00,000 குரோனர் அபராதம் விழுந்தது.

தமிழ்ப் பாடம் உண்டு, கட்டாயம் கேளுங்கள். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்குத் தாய்மொழி வகுப்பு நடத்த வேண்டியது நகராட்சியின் பொறுப்பு. ஐந்து பிள்ளைகளாவது கேட்டிருக்க வேண்டும், தகுந்த ஆசிரியரும் கிடைக்க வேண்டும். விண்ணப்பமும் அதே பேங்க் ஐடி வழியாகத்தான், தேதி தவறினால் அடுத்த பருவம். எங்கள் பையனுக்கு ஆசிரியர் வேறு ஊரிலிருந்து திரையில் வந்தார். நூலக மூலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து அவன் ழகரம் சொல்லிப் பழகியதை, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். சத்தம் கேட்காது, நாக்கை மடிப்பது மட்டும் தெரியும். பள்ளியில் அவன் தொட்ட கருவிகளில் எனக்குப் பிடித்தது அந்த ஒன்றுதான்.

இப்போது அவன் வடக்கே கல்லூரியில் படிக்கிறான். கிடங்கறையில் அவனுடைய பழைய சறுக்குக் காலணிகள் அளவுவாரியாக இருக்கின்றன, கொடுக்க மனம் வராமல் வைத்திருக்கிறேன். உங்கள் பையனுக்கு 34 சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஹெல்மெட் மட்டும் புதிதாக வாங்கிவிடுங்கள். ஆகஸ்டில் வந்ததும் எழுதுங்கள், வீட்டுப் பக்கம் வந்து எடுத்துக்கொண்டு போகலாம். வரும்போது தமிழ்க் கதைப் புத்தகம் நாலு கொண்டு வாருங்கள், எங்கள் ஃப்ரிடிட்ஸில் மூன்று தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.