நைலான் கட்டையை நெருக்கினால் மட்டு பாதியாக வருவது ஏன்?

கேள்வி: ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை வேர்க்‌ஷொப்பில் இருக்கிறேன். ரோலரின் (கொழுந்தை உருட்டும் மெஷினின்) கால்களுக்கு அடியில் வைக்க வாங்கிய நைலான் 6 கட்டையை வெட்டி நெருக்கிப் பார்த்தோம். யங்கின் மட்டு (சாமான் எவ்வளவு விறைப்பு என்று காட்டும் எண்), விற்றவர் தந்த தாளில் உள்ளதில் பாதிதான். சாமான் சரியில்லையா?

பதில்: சாமானைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். கட்டை எவ்வளவு குறுகியது என்பதை எதில் வாசித்தீர்கள்? மேல்தட்டு இறங்கியதாக மெஷின் காட்டிய தூரம் என்றால், மெஷின் தானே வளைந்ததும் அதற்குள் இருக்கிறது. 12.7 மில்லிமீற்றர் சதுரம், 25.4 உயரம், மட்டு 2500 மெகாபாஸ்கல் என்று எடுங்கள். 4000 நியூற்றனில் கட்டை 0.25 மில்லிமீற்றர் குறுகும். ஒரு மில்லிமீற்றர் வளைய 20,000 நியூற்றன் கேட்கும் மெஷின் அதே பாரத்தில் 0.20 வளையும். இரண்டையும் கட்டையின் கணக்கில் போட்டால் மட்டு 1400தான் வரும்.

ஆகவே கட்டை இல்லாமல் தட்டோடு தட்டை அதே பாரம் வரை நெருக்கி, வந்த வளைவைக் கழியுங்கள். தட்டுகளுக்கு இடையே இரு பக்கமும் டயல் கேஜ் (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் அளவி) வைத்துச் சராசரி எடுப்பது இன்னும் நல்லது. தட்டு சாய்ந்தால் அதில் உடனே தெரியும். மட்டுக்கு 50.8 உயரக் கட்டைதான் ஏற்றது: கட்டையின் குறுக்கம் இரட்டிக்கும், மெஷினின் வளைவு அப்படியே நிற்கும். வேகம் நிமிடத்துக்கு 1.3 மில்லிமீற்றர்.

முனைகளை வாளால் அறுத்து விட்டுவிடாதீர்கள், லேத்தில் முகம் வெட்டுங்கள். நாலு மூலையிலும் மைக்ரோமீற்றர் பிடித்து, 0.02 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் கண்டால் திரும்ப வெட்டுங்கள். சரிந்த முனை முதலில் ஒரு விளிம்பில்தான் பாரம் தாங்கும். தகைப்புக்கு (பரப்பால் வகுத்த பாரத்துக்கு) எதிரே விகாரத்தை (உயரத்தால் வகுத்த குறுக்கத்தை) வரைந்த வரைபின் அடியில் வரும் வளைந்த வால் அதனால்தான். நேர்க்கோட்டுப் பகுதியைக் கீழே நீட்டி, அது விகார அச்சைத் தொடும் இடத்தைப் பூச்சியமாகக் கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்தும் குறைந்தால் ஈரத்தைச் சந்தேகியுங்கள். மலையகத்து மூடுபனியில் திறந்து கிடந்த நைலான் தண்ணீர் குடிக்கும். தாளில் உள்ளது பெரும்பாலும் உலர்ந்த நைலானின் எண். 25.4 உயரக் கட்டை சுமார் 4.6 கிராம், அதில் 0.14 கிராம் தண்ணீர் ஏறினாலே 3 வீதம். அந்த அளவுக்கே மட்டு பாதியாகலாம். 80 பாகை செல்சியசில் வெற்றிட அடுப்பில் நிறை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி, காற்றுப் புகாத உறையில் ஆறவிட்டு, 23 பாகையில் சோதியுங்கள். நுவரெலியாக் காலைக் குளிரில் செய்தால் எண் ஏறித்தான் காட்டும்.

நெருக்கல் வலிமை என்று ஒரே எண்ணைத் தேடாதீர்கள். நைலான் உடையாது, பீப்பாய்போல் பிதுங்கிக்கொண்டே போகும்; எத்தனை வீத விகாரத்தில் எவ்வளவு தகைப்பு என்று எழுதுங்கள். உங்கள் கட்டையோ மாதக்கணக்கில் பாரம் சுமந்து மெல்ல மெல்லக் குறுகப்போவது. அதற்குத் தொழிற்சாலையில் கிடந்த ஈரத்தோடேயே ஒரு கட்டையில் நிலையான பாரம் ஏற்றி, 1, 10, 100 மணித்தியாலத்தில் டயல் கேஜை வாசியுங்கள்.