கடவுள் மனிதனானார் என்று நம்புவதால் அன்றாட வாழ்க்கையில் என்ன மாறுகிறது?

அம்மா படுத்த படுக்கையாவதற்கு முன்பு கேட்டிருந்தால், ஞாயிறு பள்ளியில் படித்த பதிலைத்தான் சொல்லியிருப்பேன். நம் பாவங்களுக்காகச் சிலுவையில் மரிக்க ஒரு உடல் வேண்டும், அதனால் தேவன் மனிதனானார். தப்பான பதில் இல்லை. ஆனால் காரணம் அது ஒன்றுதான் என்றால், நேராக வளர்ந்த ஆளாகவே வந்து வேலையை முடித்திருக்கலாமே?

இயேசு ஊழியம் தொடங்கியபோது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது என்கிறார் லூக்கா. அதற்கு முன் பிறப்பு, எகிப்துக்குத் தப்பி ஓடியது, பன்னிரண்டு வயதில் தேவாலயத்தில் தங்கிவிட்டது என்று சில சம்பவங்கள்தான் சுவிசேஷங்களில் உண்டு. மற்றபடி நாசரேத், குடும்பம், தச்சு வேலை. "இவன் தச்சன் அல்லவா?" என்று ஊர்க்காரர்கள் இளக்காரமாகத்தான் கேட்டார்கள். எனக்கு அந்த வரி பெரிய ஆறுதல். யாரும் எழுதி வைக்காத அத்தனை வருடங்களும் கடவுள் வாழ்ந்த வருடங்கள்தானே.

ஆரம்ப நூற்றாண்டுகளில் சிலர், அவர் மனிதனைப் போலத் தோன்றினார், அவ்வளவுதான் என்றார்கள். சபை அதை ஏற்கவில்லை. முழுக் கடவுள், முழு மனிதன், ஒரே ஆள் என்று 451இல் ஆயர்கள் கூடிய கல்கேதோன் சங்கம் அறுதியிட்டது. அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே நாசியான்சு கிரகோரியார் என்ற ஆயர், மனித இயல்பில் இயேசு எதைத் தமதாக்கிக்கொள்ளவில்லையோ அது குணமாகவில்லை என்று எழுதியிருந்தார். இதெல்லாம் இறையியல்காரர்களின் சண்டை என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

அப்புறம் அம்மாவுக்குத் துணி மாற்றி, உடம்பு துடைத்து, ஊட்டிவிட வேண்டிய காலம் வந்தது. ஜெபிக்க நேரமே இல்லையே என்ற குற்றவுணர்வு வேறு. ஒருநாள் துடைத்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று உறைத்தது. கடவுளையும் ஒரு தாய் இப்படித் துடைத்திருக்கிறாள். பசித்தால் அழ மட்டுமே தெரிந்த குழந்தையாக, இன்னொருவர் கையை நம்பி அவரும் கிடந்திருக்கிறார். அன்றிலிருந்து அந்த வேலையை ஜெபத்துக்கு இடைஞ்சலாக என்னால் நினைக்க முடியவில்லை. பிறர் உதவியில் கிடப்பது கேவலம் என்று அம்மா அழும்போது சொல்வதற்கும் எனக்கு ஏதோ இருந்தது.

அவதாரம் என்ற சொல்லை நாமும் பயன்படுத்துவதால் ஒரு விஷயம். கிறிஸ்தவ நம்பிக்கையில் இது ஒரே ஒருமுறை நடந்தது. வேலை முடிந்ததும் அவர் அந்த உடலைக் கழற்றி வைத்துவிடவும் இல்லை. உயிர்த்தெழுந்த பிறகும் தழும்புகளைக் காட்டினார், பொரித்த மீன் சாப்பிட்டார். உடம்பு வெறும் கூடு, ஆத்துமாதான் முக்கியம் என்று பிரசங்கங்களில் கேட்கும்போது எனக்கு இப்போதெல்லாம் ஒப்புவதில்லை.

சரி, இதனால் களைப்பு குறைந்ததா? இல்லை. எரிச்சலும் போகவில்லை, அம்மாவிடம் கத்திய நாட்கள் உண்டு. ஜெபம்தான் சுருங்கிவிட்டது. சில இரவுகளில் "ஆண்டவரே, ரொம்ப அசதியா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவேன். புயலில் ஆடிய படகில் தலையணை வைத்துத் தூங்கியவரிடம்தானே சொல்கிறேன்.