'தி சவுண்ட் அண்ட் தி ஃபியூரி'யை இருபது பக்கத்தில் மூடி வைத்தவர்களுக்கு

கேள்வி: இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் எழுதிய அமெரிக்க நவீனத்துவ எழுத்தாளர்கள் ஏன் கதையை நேராகச் சொல்வதில்லை? ஃபாக்னரின் 'தி சவுண்ட் அண்ட் தி ஃபியூரி'யை மூன்று முறை எடுத்து மூன்று முறையும் இருபது பக்கத்தில் விட்டுவிட்டேன். கதைச்சுருக்கம் படித்துக்கொண்டால் போதாதா?

போதாது. சுருக்கத்தில் என்ன இருக்கும்? மிசிசிப்பியில் நொடித்துப்போன ஒரு குடும்பம், மூன்று சகோதரர்கள், வீட்டை விட்டுப் போன ஒரு சகோதரி. இப்படி ஒரு குடும்பம் எந்த ஊரில் இல்லை? இந்தக் கதைக்காக மட்டும் 1929-இல் வந்த நாவலை இன்னும் யாரும் தேடிப் படிக்க மாட்டார்கள்.

நீங்கள் எம்.ஏ. ஆங்கிலம் படிப்பவர் என்று நினைக்கிறேன். ஆங்கிலம் போதவில்லையோ என்ற சந்தேகமும் உங்களுக்குள் இருக்கும். அதை முதலில் விடுங்கள். முதல் பகுதியில், கடைசித் தம்பி பென்ஜி சொல்லும் பகுதியில், இருப்பது மிக எளிய ஆங்கிலம். அகராதி பார்க்க வேண்டிய சொல் அபூர்வம். ஒவ்வொரு வாக்கியமும் புரியும், ஆனால் யார், எங்கே, எந்த வருடம் என்பது புரியாது. அதற்குச் சில விதிகள் இருக்கின்றன. யாரும் சொல்லித்தருவதில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் தடுக்கி விழுந்த இடத்தையே எடுத்துக்கொள்வோம். 1928 ஏப்ரல் 7, பென்ஜிக்கு அன்று 33 வயது நிறைகிறது. அறிவு வளர்ச்சி இல்லை, பேச்சும் வராது. வேலி இடுக்கு வழியாகப் பார்க்கிறான், அந்தப் பக்கம் ஆட்கள் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். எதை அடிக்கிறார்கள் என்று சொல்லமாட்டான். கொடியைப் பிடுங்குகிறார்கள், அடிக்கிறார்கள், திரும்பக் கொடியை நடுகிறார்கள். அது கோல்ஃப் மைதானம். ஒரு காலத்தில் அவர்கள் வீட்டு மேய்ச்சல் நிலமாக இருந்தது. அண்ணன் குவென்டினை ஹார்வர்டுக்கு அனுப்பவும் கேடியின் கல்யாணச் செலவுக்கும் விற்றுவிட்டார்கள். ஆட்டக்காரர் ஒருவர் மட்டைப் பை தூக்குகிற பையனை "கேடி" என்று கூப்பிடுகிறார். பென்ஜி ஓலமிட ஆரம்பிக்கிறான். காரணம், அவனுடைய அக்கா பெயர் கேடி. (தமிழில் எழுதினால் இந்தப் பெயருக்கு வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.) அக்கா போய்ப் பதினெட்டு வருடம் ஆகிறது. இதில் எதையும் நாவல் அந்தப் பக்கத்தில் விளக்காது.

அடுத்து, அவனைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரப் பையன் லஸ்டரோடு வேலியில் நுழையும்போது பென்ஜியின் சட்டை ஆணியில் மாட்டுகிறது. லஸ்டர் திட்டுகிறான். உடனே அச்செழுத்து சாய்கிறது (இட்டாலிக்ஸ்): கேடி சட்டையை எடுத்துவிடுகிறாள், இருவரும் குனிந்து நுழைகிறார்கள். அது கிறிஸ்துமஸை ஒட்டிய ஒரு குளிர்நாள், இருவருமே சின்னப் பிள்ளைகள், மாமா மோரி கொடுத்த ரகசியக் கடிதத்தைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் சேர்க்கப் போகிறார்கள். நம்மைப் போல பென்ஜி எதையும் "நினைத்துப் பார்ப்பது" இல்லை. ஆணி மாட்டியதும் அவன் நேராக அந்த நாளிலேயே இருக்கிறான். அவனுக்கு அன்று என்றும் இன்று என்றும் இரண்டு கிடையாது.

இப்போது விதிகள். பென்சில் இல்லாமல் உட்காராதீர்கள்.

பென்ஜியைப் பார்த்துக்கொள்ள மூன்று காலத்தில் மூன்று பேர். சின்ன வயதில் வெர்ஷ். விடலைப் பருவத்திலும், கேடியின் கல்யாணம், அப்பாவின் சாவு நடக்கும் காலத்திலும் டி.பி. 1928-இல் லஸ்டர். பக்க ஓரத்தில் வெ, டி, ல என்று ஒரே எழுத்தாகக் குறித்துக்கொண்டே போங்கள். பாதிக் குழப்பம் இதிலேயே தீரும். இதில் ஒரு பிசகு நடக்கும்: பாட்டி இறந்த இரவுக் காட்சியில் டி.பி. மின்மினிகளைப் போத்தலில் அடைத்துக்கொண்டு வருவான், உடனே நீங்கள் "டி" என்று குறித்துவிடுவீர்கள். அது 1898, அவனும் அப்போது குழந்தை. பெயர் வருகிறதா என்று பார்க்காதீர்கள், பென்ஜி யார் பொறுப்பில் இருக்கிறான் என்று பாருங்கள்.

பெயர்களும் இரண்டிரண்டாக வரும். பென்ஜிக்கு முதலில் வைத்த பெயர் மோரி, தாய்மாமன் பெயர். பிள்ளையின் குறை தெரிந்ததும் 1900-இல் அம்மா பெயரை மாற்றிவிடுகிறாள். அவனை மோரி என்று யாராவது கூப்பிட்டால் அது 1900-க்கு முந்திய காட்சி. குவென்டின் என்றால் 1910-இல் இறந்த அண்ணனாகவும் இருக்கலாம், கேடியின் மகளாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் பெயரை மட்டும் போட்டு நாலைந்து வரி ஓட்டிவிடலாம். தமிழில் "வந்தான்", "வந்தாள்" என்று முதல் வினையிலேயே குட்டு உடைந்துவிடும். இந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். குவென்டின் வரும்போதெல்லாம் மனசுக்குள் தமிழில் வினையை முடித்துப் பாருங்கள். முடிக்க வரவில்லை என்றால் நின்று சுட்டுப்பெயரைத் தேடுங்கள்.

சாய்வெழுத்தை எல்லோரும் தப்பாகத்தான் புரிந்துகொள்கிறார்கள். சாய்வெழுத்து முழுக்க பழங்காலம், நேரெழுத்து முழுக்க நிகழ்காலம் என்று எடுத்துக்கொண்டால் மூன்றாம் பக்கத்தில் மாட்டிக்கொள்வீர்கள். அது காலம் மாறுகிற வாசற்படி மட்டும். படி தாண்டியதும் பழைய காட்சி நேரெழுத்திலேயே ஓடும். சில இடங்களில் ஃபாக்னர் படியே இல்லாமலும் தாண்டுவார்.

இன்னொன்று, "ஹஷ்" என்ற சொல். பென்ஜி தான் அழுவதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் "சும்மா இரு" என்று அதட்டுவதை வைத்துத்தான் அவன் கத்திக்கொண்டிருப்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சொல் வரும் இடமெல்லாம் இரண்டு வரி பின்னால் போய் எது அவனைத் தொட்டது என்று பாருங்கள். கேடியிடம் மரங்களின் வாசனை என்று திரும்பத் திரும்பச் சொல்வான். அவள் ஒரு நாள் வாசனைத் தைலம் பூசிக்கொண்டு வந்ததும் அழுகிறான், கிட்டே வரமாட்டேன் என்கிறான். அவள் கழுவிவிட்டு வந்து, அந்தத் தைலப் புட்டியை வீட்டின் கறுப்பினச் சமையல்காரி டில்ஸிக்குக் கொடுத்துவிடுகிறாள். தம்பி அக்காவை இழக்கத் தொடங்கியதை எழுத இவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது அந்த மனிதருக்கு.

உங்கள் பெரிய கேள்விக்கு என் பதிலும் இதில்தான் இருக்கிறது. இந்த நாவலில் போர்க்களம் இல்லை. ஃபாக்னரும் களம் கண்டவர் இல்லை. 1918-இல் கனடாவில் விமானப்படைப் பயிற்சியில் இருந்தபோதே போர் முடிந்துவிட்டது. ஆனால் 1929 செப்டம்பரில் ஹெமிங்வேயின் 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' வருகிறது. அதில் கதைசொல்லி, புனிதம், மகிமை, தியாகம் போன்ற சொற்களைக் கேட்டாலே தனக்குக் கூச்சமாக இருக்கிறது என்கிறான். ஊர்ப் பெயர்களுக்கும் சாலை எண்களுக்கும் மட்டும்தான் இன்னும் மரியாதை மிச்சம் என்கிறான். பத்து நாள் கழித்து, அக்டோபர் 7 அன்று, ஃபாக்னரின் நாவல் வருகிறது. ஒருவர் பெரிய சொற்களை நம்பாத ஆளைப் பேசவிட்டார். இன்னொருவர் அந்தச் சொற்களே இல்லாத ஆளைப் பேசவிட்டார். பென்ஜியிடம் துக்கம், அன்பு, மானம் என்ற சொற்கள் கிடையாது, நெருப்பு, வாசனை, ஆணி, கேட் இருக்கின்றன. போருக்குப் பிறகு வந்த அமெரிக்க எழுத்தில் கதை ஏன் நேராகப் போகவில்லை என்றால், நேராகச் சொல்லப் பயன்பட்ட சொற்கள் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. போரும் பணமும் நேரடியாக வேண்டுமென்றால் டாஸ் பாஸோஸின் 'யு.எஸ்.ஏ.' மூன்று தொகுதிகள் இருக்கின்றன: 1930, 1932, 1936. அங்கே பத்திரிகைத் தலைப்புகளும் பாட்டு வரிகளும் கதைக்கு நடுவே வெட்டி ஒட்டப்பட்டிருக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. நம் தேர்வு வழிகாட்டி நூல்களில் இந்தக் காலத்தை "தொலைந்த தலைமுறை, விரக்தி, சிதறல், நனவோடை" என்று நாலு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். தொலைந்த தலைமுறை என்பது கெர்ட்ரூட் ஸ்டைன் சொன்னதாக ஹெமிங்வே 1926-இல் தன் நாவலின் முகப்பில் போட்ட தொடர். பாரிஸில் இருந்தவர்களைக் குறித்தது. மிசிசிப்பியில் ஆக்ஸ்ஃபோர்டு என்ற சிற்றூரில் உட்கார்ந்து எழுதியவருக்கு அதை ஏன் மாட்டுகிறீர்கள்? அதே 1929-இல் நெல்லா லார்சனின் 'பாஸிங்', அதற்கு முன் 1923-இல் ஜீன் டூமரின் 'கேன்' வந்தன. கறுப்பர்கள் எழுதிய நவீனத்துவம் அது. அந்த நாலு சொல்லுக்குள் அவை அடங்கவில்லை என்பதற்காகப் பட்டியலிலேயே விட்டுவிடுகிறார்கள். மாணவர்கள் பாவம்.

எந்தப் பிரதியை வாங்குவது என்பதிலும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் 2025 ஜனவரி 1 முதல் இந்த நாவலுக்குக் காப்புரிமை இல்லை. அதனால் இணையத்தில் இலவசக் கோப்புகள் கிடைக்கும். வெறும் எழுத்துக் கோப்பு என்றால் சாய்வெழுத்து போயிருக்கும், அதில் படித்தால் கடவுளுக்கே புரியாது. 1929-இலேயே பென் வாசன் என்ற பதிப்பாசிரியர் சாய்வெழுத்தை எடுத்துவிட்டு இடைவெளி விட்டுப் பார்த்தார். ஃபாக்னர் கோபப்பட்டுத் திரும்பப் போட்டார். காலத்துக்கு ஒரு நிறமாக அச்சடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. 2012-இல் ஃபோலியோ சொசைட்டி 14 நிறத்தில் அப்படி அச்சிட்டது. முதல் வாசிப்புக்கு அது வேண்டாம், நீங்கள் செய்ய வேண்டிய வேலையை அது செய்துவிடும். 1984-இல் நோயல் போல்க் திருத்திய பாடத்தை வைத்து வரும் விண்டேஜ் பதிப்பு போதும். சில பதிப்புகளில் 'காம்ப்சன்' (அந்தக் குடும்பத்தின் பெயர்) என்ற பின்னிணைப்பு இருக்கும். 1946-இல் வெளிவந்தது, நாவலோடு சில இடங்களில் ஒத்துப்போகாது. அதைக் கடைசி வரை தொடாதீர்கள்.

முதல் பகுதி விண்டேஜில் ஏறத்தாழ எழுபது பக்கம். இரண்டே அமர்வில் முடியுங்கள். ஐந்து ஐந்து பக்கமாகப் படித்தால் ஒவ்வொரு முறையும் முதலில் இருந்து தொலைவீர்கள். புரியாத இடத்தில் கோடு போட்டுவிட்டு நகருங்கள். இன்னொரு சகோதரன் ஜேஸன் சொல்வது மூன்றாம் பகுதி. "ஜேஸன் பகுதியை முதலில் படி, அது எளிது" என்று சொல்பவர்கள் உண்டு. எளிதுதான். ஆனால் ஜேஸனின் வாயால் கேடியை முதலில் தெரிந்துகொண்டால், அந்த விஷம் கடைசி வரை போகாது.

இரண்டாம் பகுதி 1910 ஜூன் 2. குவென்டின் தாத்தாவின் கடிகாரக் கண்ணாடியை உடைத்து முட்களைப் பிய்க்கிறான், அது ஓடிக்கொண்டே இருக்கிறது. கடிகாரக் கடைக்குப் போய் மணி கேட்பதில்லை, கண்ணாடிப் பேழைக்குள் இருப்பவற்றில் ஏதாவது சரியாக ஓடுகிறதா என்று மட்டும் கேட்கிறான். நிறுத்தற்குறி இல்லாத பக்கங்களை வாய்விட்டுப் படியுங்கள், மூச்சு எங்கே நிற்கிறதோ அங்கே ஆள் மாறுகிறது. நான்காம் பகுதியில் டில்ஸியின் சமையலறைக் கடிகாரத்துக்கு ஒரே முள். ஐந்து அடிக்கிறது, அவள் "எட்டு மணி" என்கிறாள். இந்த இரண்டு கடிகாரங்களையும் சேர்த்துக் குறித்து வையுங்கள்.

டில்ஸியைப் பொறுமையின் சிலையாக்கி ஃபாக்னர் தப்பித்துக்கொண்டார் என்ற விமர்சனம் உண்டு, கீழே பின்னூட்டத்தில் யாராவது எழுதவும் செய்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. மூன்று வெள்ளைக்காரச் சகோதரர்களுக்கும் சொந்தக் குரல் கொடுத்தவர் அவளைப் படர்க்கையில்தான் வைத்தார். கேடிக்கும் குரல் இல்லை. அதையும் கேள்வியாக வைத்துக்கொண்டே படியுங்கள், படிக்காமல் விடுவதற்குக் காரணமாக்காதீர்கள். விதி, பென்சில் என்று இலக்கியத்தை வாய்ப்பாடாக்குகிறேன் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: மூன்று முறை மூடி வைத்த ஒருவருக்கு "உணர்ந்து படி" என்பதைவிட இது உதவும்.

நான்காம் பகுதி முடிந்த அன்றே திரும்ப முதல் பத்துப் பக்கத்துக்கு வாருங்கள். பென்சில் வேண்டாம். வேலி, கொடி, ஆணி எல்லாம் அப்படியே இருக்கும். மைதானத்தில் ஆட்டக்காரர் "கேடி" என்று கூப்பிடுவார், இந்த முறை லஸ்டர் அதட்டுவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும், பென்ஜி ஏன் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று.