பாதி கல்லாக இருக்கும் மண் மண்தானா? நெவாடா மலை மேய்ச்சல் நிலத்தின் சரளை மண்ணைப் பற்றி

கேட்கப்பட்டது இதுதான்: அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மலைச்சரிவு மேய்ச்சல் நிலங்களுக்கான மண் அறிக்கைகளில் 'மிகுசரளை மண்' என்று எழுதுகிறார்களே, பாதி கல்லாகக் கிடப்பதை மண் என்று எப்படிக் கணக்கில் எடுக்கிறார்கள்? அதில் செடியும் புல்லும் எதைக் குடித்து வாழ்கின்றன? கற்களைப் பொறுக்கி அகற்றினால் நிலம் மேம்படாதா?

வடகிழக்கு நெவாடாவில் எல்கோ நகரைச் சூழ்ந்த மலைகளில் மாணவனாக இரண்டு கோடைக்காலம் மண்குழி வெட்டியிருக்கிறேன். அந்த அனுபவத்தைக் கொண்டே எழுதுகிறேன். கடப்பாரை இல்லாமல் அங்கே ஒரு சாண் ஆழம்கூட இறங்க முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மண்ணியலில் 2 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்குவது நுண்மண். இறங்காமல் நிற்பது கல். அந்தக் கல்லில் 75 மில்லிமீட்டர் வரையுள்ளது சரளை, அதற்கு மேல் 250 வரை உருண்டைக்கல், அதையும் தாண்டினால் பெருங்கல் என்று பிரிப்பார்கள். மொத்தக் கனஅளவில் சரளை 15 விழுக்காட்டைத் தொட்டால் மண்ணின் பெயருக்கு முன் 'சரளை' என்ற அடைமொழி சேரும். 35ஐத் தாண்டினால் 'மிகுசரளை'. 60ஐத் தாண்டினால் அதற்கும் மேலான ஓர் அடைமொழி. வேர் பரவும் முக்கியமான ஆழத்தில் கல்லின் பங்கு 35 விழுக்காடோ அதற்கு மேலோ இருக்கும் மண்ணை, அமெரிக்க வேளாண்துறையின் வகைப்பாடு எலும்புக்கூடு என்று பொருள்படும் ஒரு சொல்லால் குறிக்கிறது. சதை குறைந்து எலும்பு தெரியும் மண் என்ற அந்தப் பெயர் எனக்கு எப்போதும் பொருத்தமாகவே பட்டிருக்கிறது.

'கனஅளவில்' என்ற சொல்லை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், முதல் கோடையில் நானே அதில் இரண்டு முறை தவறினேன் என்பதுதான். ஒரு குழியிலிருந்து எடுத்த மண்ணைச் சலித்து, கல்லை ஒதுக்கி, நுண்மண்ணை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். மணலும் வண்டலும் களியும் கலந்த இருமண்பாட்டு மண் அது, பத்து செ.மீ. ஆழத்துக்கு ஏறக்குறைய 17 மி.மீ. நீரைச் செடிக்குத் தரும் என்று முடிவு வந்தது. நான் அதை ஒரு மீட்டர் ஆழத்துக்குப் பெருக்கி 170 மி.மீ. என்று எழுதினேன். குழுவின் மூத்தவர் தாளைப் பார்த்துவிட்டு, "கல்லும் தண்ணீர் குடிக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். உடனே ஒதுக்கிவைத்த கல்லை எடைபோட்டேன். மொத்த எடையில் 67 விழுக்காடு கல். எனவே மூன்றில் ஒரு பங்கு நீர்தான் என்று 56 மி.மீ. எனத் திருத்தினேன். அதுவும் தவறு. கல்லின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 2.65 கிராம், இடைவெளிகளோடு கூடிய நுண்மண்ணின் அடர்த்தி 1.3 கிராம் அளவில்தான் இருக்கும். ஆகவே எடையில் மூன்றில் இரண்டு பங்கு கல் என்றால் இடத்தில் அது சரிபாதிதான். சரியான விடை 85 மி.மீ. குழியின் சுவரைக் கண்ணால் பார்த்துக் கல் அடைத்திருக்கும் பரப்பை மதிப்பிடும் பழைய முறையை அனுபவசாலிகள் இன்னும் கைவிடாததன் காரணம் எனக்கு அன்றுதான் புரிந்தது.

கொள்ளளவு பாதியாகிவிட்டது என்றவுடன் இது வறண்ட, பயனற்ற நிலம் என்று முடிவுகட்டத் தோன்றும். அப்படியன்று என்பதுதான் என் பதிலின் மையம். அந்த மலைகளில் ஆண்டுக்கு 300 முதல் 400 மி.மீ. வரையே ஈரம் கிடைக்கிறது. அதிலும் பெரும்பகுதி குளிர்காலப் பனியாக விழுந்து வசந்தத்தில் உருகி இறங்குகிறது. பிறகு கோடையில் வானம் பெரும்பாலும் வறண்டிருக்கும். இப்போது 50 மி.மீ. நீர் காய்ந்த மண்ணுக்குள் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். கல்லற்ற மண்ணில் அது ஏறக்குறைய 30 செ.மீ. ஆழத்தோடு நின்றுவிடும், பாதி கல்லாக உள்ள மண்ணில் அதே நீர் 60 செ.மீ. வரை போகும், ஏனெனில் வழியில் அதைப் பிடித்துவைக்கும் நுண்மண் பாதிதான். வெயில் எளிதில் உறிஞ்சுவது மேல் 15 செ.மீ. என்று கொண்டால், கல்லற்ற மண்ணில் நீரின் பாதி அந்த ஆபத்தான இடத்தில் இருக்கிறது. சரளை மண்ணிலோ கால்பங்குதான். மழை மிகுந்த நாட்டில் குறையாக இருப்பது வறண்ட நாட்டில் சேமிப்பாக மாறிவிடுகிறது.

இந்தக் கணக்கு ஆழவேர்ப் புதர்களுக்குச் சாதகமானது. அச்சரிவுகளை ஆள்வது சேஜ்பிரஷ். நம்மூர் மாசிபத்திரியின் பேரினத்தைச் சேர்ந்தது, இலையைக் கசக்கினால் அந்த உறவு மூக்குக்கே தெரியும். அதன் ஆணிவேர் கற்களுக்கு இடையே நெளிந்து கீழே போகிறது. ஆழத்தில் உறிஞ்சிய நீரில் ஒரு பகுதியை இரவில் அதன் வேர்களே மேல்மண்ணின் காய்ந்த அடுக்கில் கசியவிடுகின்றன என்பதை ரிச்சர்ட்ஸ், கால்டுவெல் இருவரும் 1987இல் எழுதிய ஆய்வு காட்டியது. புதர்களுக்கு இடையே ஐடஹோ ஃபெஸ்கியூ, புளூபஞ்ச் வீட்கிராஸ் போன்ற கொத்துப்புற்கள் நிற்கும். மாடுகள் தேடி வருவது இவற்றுக்காகத்தான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: கீழே இடம் இருக்க வேண்டும். அரை மீட்டரிலேயே பாறை தட்டினால் மேலே சொன்ன ஆதாயம் மறைந்துவிடும். மிஞ்சிய நீர் பாறை வெடிப்புக்குள்ளோ சரிவின் அடிவாரத்துக்கோ போய்விடும். ஆகவே அறிக்கையில் சரளையின் விழுக்காட்டைப் படித்தவுடன் பாறை எத்தனை ஆழத்தில் என்பதையும் பாருங்கள். ஒன்றை விட்டு மற்றொன்றுக்குப் பொருளில்லை.

குழிக்குள் இறங்கிப் பார்த்தால் கல்லுக்கு நடுவே நல்ல மண் இருப்பது தெரியும். மேலே 25 முதல் 40 செ.மீ. வரை, ஈரமாக்கினால் மன்செல் நிற அட்டையில் அடர்பழுப்பாகப் பொருந்தும் அடுக்கு. கொத்துப்புல்லின் மெல்லிய வேர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே செத்து மக்கியதால் வந்த கருமை அது. அடியில் களி சற்றுக் கூடும். உருப்பெருக்கியில் பார்த்தால் கல்லின் மேல் களி மெழுகுபோலப் படிந்திருக்கும். சுண்ணாம்பு மிகுந்த மலைகளில் இன்னும் கீழே, சரளையின் அடிப்புறத்தில் மட்டும் வெள்ளைப் பூச்சு இருக்கும். இறங்கும் நீர் கல்லின் அடியில் துளியாகத் தொங்கிக் காயும்போது சுண்ணாம்பு அங்கே தங்குகிறது. நம் ஊர்ச் சுக்கான் கல்லும் மண்ணில் சுண்ணாம்பு படிந்து உருவாவதுதான். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டால் நுரைக்கும். வெள்ளை மேலே பார்த்தபடி ஒரு கல் கிடந்தால் அதை ஏதோ புரட்டியிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் வளை தோண்டும் விலங்கு. அந்த இடத்தில் அடுக்குகளை அளக்காமல் குழியை நகர்த்திவிடுவோம்.

ஒரே மலையின் இரு பக்கங்களும் ஒன்றல்ல. வடக்கு நோக்கிய சரிவில் பனி நெடுநாள் தங்கும். கரிய அடுக்கு தடிமனாகவும் மண் குளிர்ச்சியாகவும் இருக்கும். தெற்குச் சரிவில் அது மெலிந்து வெளிறிவிடும். ஐரோப்பா, ஆசியப் பகுதிகளிலிருந்து வந்து பரவிய சீட்கிராஸ் என்ற ஓராண்டுப் புல் முதலில் கைப்பற்றுவதும் அந்தச் சூடான பக்கத்தைத்தான். கோடைத் தொடக்கத்திலேயே காய்ந்து, தீக்கு எரிபொருளாகி, எரிந்தபின் தானே முதலில் முளைக்கும். சேஜ்பிரஷ்ஷின் இந்த இனமோ தீக்குப் பின் வேரிலிருந்து துளிர்க்காது. விதையிலிருந்துதான் மீண்டும் வரவேண்டும்.

கடைசியாக, கற்களைப் பொறுக்கலாமா என்ற கேள்வி. கூடாது. இச்சரிவுகள் பெரும்பாலும் நிலத்திறன் வகைப்பாட்டில் 6 அல்லது 7ஆம் வகுப்பில் வருபவை, உழவுக்கு உரியவை அல்ல; எனவே பொறுக்கிய பிறகும் அது வயலாகாது. அதைவிட முக்கியமாக, மேற்பரப்புச் சரளை கோடை இடிமழையின் துளிகளைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது, வழிந்தோடும் நீரின் வேகத்தைத் தணிக்கிறது, மாட்டுக் குளம்பு ஈரமண்ணை இறுக்குவதையும் ஓரளவு தடுக்கிறது. அரிப்புக்கு உள்ளாகும் தன்மைக்கு அந்த மண் அறிக்கைகளில் இரண்டு எண்கள் கொடுத்திருப்பார்கள்: ஒன்று நுண்மண்ணுக்கு மட்டும், மற்றொன்று கல்லையும் சேர்த்த முழுமண்ணுக்கு. மிகுசரளை மண்ணில் இரண்டாவது எண் முதலாவதைவிடத் தெளிவாகக் குறைந்திருக்கும். கற்களை அகற்றிய சரிவுக்கு முதல் எண்ணைத்தான் பயன்படுத்த வேண்டியிருக்கும்.