பனை நிழல் நகர்ந்தால் தக்கையும் நகரணும்: ஏரித் தூண்டில் கேள்வி-பதில்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்த் தாலுகா ஏரிகள், மீன்கரை, சுள்ளியார், வாளையார் என்று நம் எல்லைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வெயிலைப் பற்றித்தான். அதனால் இந்த முறை வெயிலும் நிழலும் மட்டும்.

தூண்டில்காரன்னா விடியக்காலம் 5 மணிக்கே கரையில இருக்கணும்னு எங்க தாத்தா சொல்வாருங்க. ஆனா எங்க ஏரியில 8 மணிக்கு மேலதான் தக்கை ஆடுது. ஏனுங்க? (கொழிஞ்சாம்பாறை)

உங்கள் ஏரித் தண்ணீர் பச்சைப் பசேலென்று இருக்கிறதா? அப்படியானால் காரணம் பாசி. பகலில் வெயிலை வாங்கி ஆக்சிஜனை விடும் அதே பாசி, ராத்திரி முழுக்க மீனோடு போட்டி போட்டு ஆக்சிஜனை இழுக்கும். இருப்பு அடிமட்டத்துக்கு வருவது விடிகிற நேரத்தில்தான். கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்பதை அப்போது பார்க்கலாம். இரைக்கு வந்திருக்கின்றன என்று நினைத்து அவசரமாகத் தூண்டிலை வீசுவோம். அவை மூச்சுக்குத் தவிக்கின்றன. அந்த நிலையில் தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. வெயில் ஏறி ஒன்றிரண்டு மணி நேரம் போனால்தான் பசி வரும். முந்தின நாள் முழுக்க மூடாக்காக இருந்தால் இன்னும் தாமதமாகும்.

தெளிந்த தண்ணீருக்கு தாத்தா சொன்னதே சரி. விராலுக்கும் சரி. அது மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகிற சாதி. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் அதற்குப் பெரிய கவலை இல்லை.

எந்தக் கரையில் உட்காருவது? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். (மீனாட்சிபுரம்)

கரையில் மரம் இருந்தால் காலையில் கிழக்குக் கரை, மாலையில் மேற்குக் கரை. காலையில் கிழக்குக் கரை மரத்தின் நிழல் மேற்கே, அதாவது தண்ணீர் மேல் விழும். நம் நிழலும் அதற்குள் கரைந்துவிடும். மரமே இல்லாத மொட்டைக் கரை என்றால் கணக்கு தலைகீழ். 7 மணி வாக்கில் ஓர் ஆளின் நிழல் ஏறக்குறைய 20 அடி நீளும். நீங்கள் கையைத் தூக்கினால் 20 அடி தள்ளித் தண்ணீரில் ஒரு கறுப்புக் கை ஆடும். அங்கே எந்த மீன் நிற்கும்? கண் கூசினாலும் பரவாயில்லை என்று மேற்குக் கரைக்குப் போய்விடுங்கள்.

உச்சிப் பொழுதில் மாதத்தைப் பார்க்க வேண்டும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். தென்கரையில் 30 அடிப் புளியமரம் நின்றால் நண்பகலில்கூட 20 அடிக்குத் தண்ணீர் மேல் நிழல் கிடைக்கும். சித்திரை பிறந்த முதல் வாரத்தில் சூரியன் நம் ஊருக்கு நேர் மேலே வந்துவிடும். நிழல் மரத்தடியோடு சரி. ஆனியில் அது கொஞ்சம் வடக்கே போய்விடுவதால், அதே உயரமுள்ள வடகரை மரம் ஏழடி நிழலாவது தரும்.

நம் பக்கம் புளியைவிடப் பனைதான் அதிகம். பனை நிழல் ஒரு கோடு, நுனியில் ஒரு வட்டம். ஒரு தை மாதக் காலை, பனைவரிசைக் கரையில் அந்த வட்டத்தின் ஓரத்தில் தக்கையைப் போட்டு அரை மணியில் நாலு கெண்டை எடுத்தேன். பிறகு ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. புழுவை மாற்றினேன், முள்ளை மாற்றினேன், பக்கத்தில் பீடி பிடித்தவரை முறைத்தேன். அப்புறம்தான் பார்க்கிறேன், வட்டம் பத்தடிக்கு மேல் நகர்ந்துபோயிருக்கிறது. நான் மட்டும் பழைய இடத்திலேயே வெயிலில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறேன். தக்கையைத் தூக்கி நிழல் ஓரத்துக்குப் போட்டதும் இரண்டாவது நிமிடம் இழுத்தது.

இரையை நிழலுக்கு நடுவில் போடாதீர்கள். திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கு வெயிலில் தெருவோடு போகிறவர் பளிச்சென்று தெரிவார். தெருவில் போகிறவருக்குத் திண்ணை இருட்டு. மீனும் திண்ணைக்காரர்தான். நிழலுக்குள் நின்று வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஓரத்திலிருந்து ஒரு சாண் வெளியே, வெளிச்சத்தில் இரை இறங்கட்டும்.

பங்குனி வெயிலில் மத்தியானம் போனால் மீன் கிடைக்குமா? (வேலந்தாவளம்)

ஜிலேபி கிடைக்கும். 1952இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன், சூட்டுக்குப் பழகியது. ஆம்பல் இலைக்கடியில் விராலும் இருக்கும்; இலைகளுக்கு இடையே ரப்பர் தவளையைத் தத்தவிட்டு இழுத்துப் பாருங்கள். ஆகாயத்தாமரை ஏரியையே மூடியிருந்தால் அதன் நடுப்பக்கம் வீண். வெளிச்சம் போகாத இடத்தில் ஆக்சிஜனும் இருக்காது. அதன் ஓரம் மட்டும் பாருங்கள். மற்ற கெண்டைகள் மதகுப் பக்க ஆழத்துக்கு இறங்கியிருக்கும். பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிற மாதம் அது. 11 முதல் 3 வரை நானாக இருந்தால் வீட்டில் படுத்துத் தூங்குவேன்.

மார்கழி, தையில் கிழக்குக் காற்று அடிக்கிறபோது போகலாமா? (வாளையார்)

தாராளமாக. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் அந்தக் காற்றைத் திட்டாத ஆள் இல்லை, ஆனால் தூண்டில்காரருக்கு அது உதவி. தண்ணீர் சிலிர்த்தால் வெயில் சிதறும். மீன் துணிந்து கரையோரம் வரும். மேல்மட்டத்துச் சூட்டுத் தண்ணீரையும் நுண்ணுயிர்களையும் காற்று மேற்குக் கரைக்குத் தள்ளிக்கொண்டு போகும். அவற்றின் பின்னால் பொடிமீன், பொடிமீனின் பின்னால் பெரிய மீன். அப்படிக் காற்று அடிக்கும் நாளில் மேலே சொன்ன காலைக் கணக்கை விட்டுவிட்டு மேற்குக் கரையில் உட்காருங்கள். தக்கை மட்டும் கொஞ்சம் கனமானதாக இருக்கட்டும்.

மீன் நம்மைப் பார்க்குமா அண்ணா? வெள்ளைச் சட்டை போடக்கூடாதாமே? (கொல்லங்கோடு)

பார்க்கும். அதற்கு இமை கிடையாது, கண்ணை மூடவே முடியாது. வெயில் ஏறினால் நிழலுக்கோ ஆழத்துக்கோ ஓடுவது அதனாலும்தான். தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்த்தால் ஒரு வட்ட ஜன்னல் வழியாகத்தான் வெளியுலகம் தெரியும், மற்றதெல்லாம் கண்ணாடி மாதிரி. நின்றுகொண்டிருப்பவர் அந்த ஜன்னலில் நன்றாகவே தெரிவார். தள்ளிக் குந்தி உட்கார்ந்தவர் அதன் விளிம்பில் நசுங்கி மங்கிப்போவார். வெயிலில் மின்னுகிற வெள்ளைச் சட்டையைக் கோயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு இரைதான் நல்லதா? (சித்தூர்)

ஆழமில்லாத தெளிந்த தண்ணீரில் சரி. கீழே போகப்போக முதலில் மங்குவது சிவப்புதான். பிறகு அது வெறும் கறுப்பு. கலங்கல் தண்ணீரில் நிறத்தை மறந்துவிட்டு வாசனைக்குப் போங்கள்: மண்புழு, அல்லது கடலைப் புண்ணாக்கு பிசைந்த மாவு.

மாமா, எங்க குளத்துல வெயில் நேரத்துல செக்கச்செவேல்னு குஞ்சுங்க கூட்டமா மேல வந்து வந்து போகுது. பக்கத்துல பெரிய விரால் நிக்குதாம். தவளை போட்டா கடிக்குமா? (கோவிந்தாபுரம்)

கடிக்கும் கண்ணு. பசிக்காகக் கடிக்காது, குஞ்சைக் காப்பாற்றக் கடிக்கும். அந்தத் தாயையோ தகப்பனையோ எடுத்துவிட்டால் மிச்சக் குஞ்சுகளை ஜிலேபியும் தண்ணீர்ப்பாம்பும் தீர்த்துவிடும். புதுமழைக்கு முட்டையிட வயலில் ஏறி வரும் மீனை ‘ஊத்த’ என்று பிடிப்பதைக் கேரளத்தில் தடுத்து வைத்திருப்பதும் இதே காரணத்துக்குத்தான். குஞ்சு நிறம் மாறிப் பிரிந்து போகிறவரை அந்த மூலையை விட்டுவிடு. எதிர்ப்பக்கம் ஆம்பல் ஓரத்தில் சாயங்காலம் 5 மணிக்குப் போட்டுப் பார்.