44 காலிபர் கேப் அண்ட் பால் ரிவால்வருக்கு 0.451 குண்டு வாங்குவதா, 0.454 வாங்குவதா?

உங்கள் கேப் அண்ட் பால் ரிவால்வர் (மருந்தையும் ஈயக் குண்டையும் அறைக்குள் முன்பக்கமாகத் தனித்தனியே இட்டு, பின்னால் கேப் என்கிற சிறு பற்றவைப்பு மூடியைச் செருகிச் சுடுகிற பழைய வகை) இத்தாலியக் கம்பெனி பியட்டா செய்த 1858 ரெமிங்டன் நகல் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 0.451 அங்குலத்தில் ஆரம்பியுங்கள். ஆனால் தயவுசெய்து சிலிண்டரின் ஆறு அறைகளின் வாயையும் முதலில் காலிப்பர் என்கிற அளவுக் கருவி வைத்து அளந்துவிடுங்கள், ஏனென்றால் 44, அதாவது 0.44 அங்குலம், என்ற பெயரை நம்பிப் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

இங்கே டெக்சாஸில் ஒரு கடையில் என் ரிவால்வரைக் காட்டித்தான் குண்டு கேட்டேன். கவுண்டரில் இருந்தவர், 44 துப்பாக்கிக்கு 0.440 குண்டுதானே என்று ரொம்பத் தெரிந்தவர் போல எடுத்துக் கொடுத்தார். அது 45 காலிபர் நீள் துப்பாக்கியில் துணி சுற்றிப் போடுகிற குண்டு! வீட்டுக்கு வந்து காலி சிலிண்டரில் வைத்துப் பார்த்தால் குண்டை உள்ளே அழுத்துகிற லீவரைத் தொடாமலே தானாக உள்ளே போய் விழுகிறது. என் துப்பாக்கியின் அறை வாய் 0.446. திருப்பிக் கொடுக்கப் போனால் பெட்டி பிரித்தாகிவிட்டதாம், எடுக்க மாட்டார்களாம். பிரிக்காமல் எப்படி அய்யா அளப்பது? இதே கடையில் கேப் கேட்டால் ஒன்று ஸ்டாக் இருக்காது, இருந்தால் வாய்க்கு வந்த விலை. சரி, அந்தக் கதை வேண்டாம்.

குண்டு அறையை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். லீவரால் அழுத்தும்போது வாயின் விளிம்பு ஈயத்தைச் சீவி ஒரு மெல்லிய வளையமாக வெளியே தள்ளும். சுற்றிலும் முழு வளையமாக வந்தால் அளவு சரி. வளையமே வராவிட்டால் 0.454 வாங்குங்கள். தளர்வாக இருக்கிற குண்டு, பக்கத்து அறை வெடிக்கிற உதைப்பில் முன்னால் நகர்ந்து சிலிண்டரையே சுற்றவிடாமல் செய்துவிடும். பக்கத்து அறைக்கு நெருப்பு தாவுகிற ஆபத்தும் உண்டு. உடனே ஒருவர் வந்து, நெருப்பு முன்பக்கமாகப் போவதில்லை, பின்னால் பொருந்தாத கேப் வழியாகத்தான் போகிறது என்பார். போகட்டுமே, நான் இல்லையென்று சொல்லவில்லை. இரண்டையும் அடைத்து வைப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?

அதற்காக எடுத்தவுடனே பெரிய குண்டாக வாங்கி லீவரோடு மல்லுக்கட்டவும் வேண்டாம், வளைந்துவிடும். ஈயம் சுத்தமானதாக, நகத்தால் கீறினால் கோடு விழுகிற மாதிரி மிருதுவாக இருக்கட்டும். டயர் எடைக்கட்டிகளை உருக்கி வார்த்தது ஓசியில் கிடைத்தாலும் இதற்கு ஆகாது, அது கடினம்.

உபெர்ட்டி என்ற இன்னொரு இத்தாலியக் கம்பெனியின் 44-க்குப் பெரும்பாலும் 0.454. ரூகர் ஓல்ட் ஆர்மி என்றால் 0.457, அதற்குக் குறைத்துப் போடாதீர்கள். நாளைக்கு 36 காலிபர் நேவி ரிவால்வர் ஒன்று வாங்கினால் அதற்கு 0.375, உபெர்ட்டி நேவி சிலவற்றுக்கு 0.380 தேவைப்படும். அதையும் அளந்துவிட்டே கடைக்குப் போங்கள், அளவைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு. கவுண்டரில் இருப்பவர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும்.