கர்ப்பத்தில் அடி இறக்கம்: குடத்தைப் பாதியாக்குங்கள்

கேள்வி: ஏற்காடு பக்கம் மலைக்கிராமத்தில் இருக்கிறேன். இரண்டாவது கர்ப்பம், 24 வாரம். முதல் பிள்ளை மூன்றரைக் கிலோ, ஆயுதம் போட்டு எடுத்தார்கள். ஒரு மாதமாக சாயங்காலம் குளிக்கும்போது அடியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஏதோ தட்டுப்படுகிறது, காலையில் இல்லை. "அடி இறங்கிடுச்சு, கர்ப்பப்பையை எடுத்தாத்தான் சரியாகும்" என்கிறார் மாமியார். பிள்ளைக்கு ஆபத்தா? சிசேரியன்தானா? பிறகு காப்பிப் பழம் பறிக்கப் போகலாமா?

பதில்: காலையில் இல்லை, சாயங்காலம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விஷயம் அதிலேயே இருக்கிறது. இடுப்பெலும்புக் கூட்டின் அடியில் முன்னிருந்து பின்னாக ஒரு தசை, தூளி கட்டியதுபோல் தொங்குகிறது. மூத்திரப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் அதுதான் தாங்குகிறது. ஆயுதம் போட்ட பிரசவத்தில், எலும்போடு அது ஒட்டியிருக்கும் இடத்தில் கிழிவது உண்டு. இப்போது கர்ப்பத்தின் ஹார்மோன்கள் மீதியையும் இளக்குகின்றன. மேலே கனமும் கூடுகிறது. பகலெல்லாம் நின்று, சுமந்து, முக்கினால் மாலையில் சரிகிறது. படுத்தால் ஏறிவிடுகிறது. இதைத்தான் அடி இறக்கம் என்கிறோம்.

கையில் தட்டுப்படுவது பெரும்பாலும் கருப்பையே அல்ல, மூத்திரப்பையை ஒட்டிய முன்சுவர். அதனால் கருப்பையை எடுக்கும் பேச்சை இப்போதைக்கு மாமியாரோடு சேர்த்து ஒத்திவையுங்கள். கர்ப்பத்தில் இதற்கு ஆபரேஷன் கிடையாது. பிரசவத்துக்குப் பின் ஓராண்டு வரை தசை தானாகத் தேறும். பிள்ளை போதும் என்று முடிவான பிறகும் தொல்லை இருந்தால்தான் அந்தப் பேச்சு.

பிள்ளை கீழே விழுந்துவிடாது. கருப்பையின் வாய் மூடித்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாயே வெளியே வந்து துணியில் உரசினால் வீங்கும், புண்ணாகும், கிருமி தொற்றும். குறைமாத வலிக்கும் அது வழி. ஆகவே அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் காட்டிவிடுங்கள். ஒன்று கவனியுங்கள்: காலையில் படுக்கவைத்துப் பார்த்தால் டாக்டருக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம். "சாயங்காலந்தான் இறங்குது, நிக்கவச்சு இருமச் சொல்லிப் பாருங்க" என்று நீங்களே கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தேவைப்பட்டால் சிலிக்கான் வளையம் ஒன்றை உள்ளே வைப்பார்கள். பெஸ்ஸரி என்று பெயர், கர்ப்பத்திலும் வைக்கலாம். அளவுதான் முக்கியம். வளையத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். சிறிதானால் நழுவும், பெரிதானால் அழுத்திப் புண்ணாக்கும். வைத்ததும் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். நடந்து, குத்தவைத்து, இருமி, ஒரு தடவை மூத்திரம் போய்ப் பாருங்கள். சரியான வளையம் உள்ளே இருப்பதே தெரியாது. நாற்றமோ ரத்தமோ வந்தால் உடனே காட்ட வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியதில் பெரியது இடுப்படித் தசைப் பயிற்சி. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒருக்களித்துப் படுங்கள். காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல ஆசனவாயைச் சுருக்கி, அப்படியே முன்பக்கம் மூத்திரத்தை அடக்குவதுபோல மேலே இழுங்கள். ஐந்து எண்ணும்வரை பிடித்து, அதே நேரம் முழுசாக விடுங்கள். வாய்விட்டு எண்ணினால் மூச்சு அடைபடாது. ஒரு வேளைக்கு 8 முதல் 10 தடவை, நாளைக்கு மூன்று வேளை. ஐந்து எண்ண முடியாவிட்டால் மூன்றில் தொடங்கலாம். தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது. பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவே விரல் வைத்துப் பாருங்கள்: விரல் உள்ளே இழுபட வேண்டும். வெளியே தள்ளப்பட்டால் நீங்கள் முக்குகிறீர்கள், அதற்குச் செய்யாமலே இருக்கலாம். மூத்திரம் போகும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பழகவும் வேண்டாம். பலன் தெரிய மூன்று நான்கு மாதம் ஆகும்.

இதே இழுப்பை இருமலுக்கு முன்னும் தூக்குவதற்கு முன்னும் ஒரு கணம் பிடியுங்கள். ஒரு பிளாஸ்டிக் குடம் நிறையத் தண்ணீர் 15 கிலோவை ஒட்டி வரும்; அரைக்குடமாக இரண்டு நடை போங்கள். நிறைந்த கேஸ் சிலிண்டர் 30 கிலோ, அதன் பக்கமே போகாதீர்கள். மூத்தவனை இடுப்பில் ஏற்றாமல், நீங்கள் உட்கார்ந்து மடியில் ஏற விடுங்கள். மதியம் இருபது நிமிடம், இடுப்புக்கடியில் ஒரு தலையணையோடு இடதுபுறம் ஒருக்களித்துப் படுங்கள்.

கக்கூசில் குத்தவைப்பது தப்பில்லை, முக்குவதுதான் தப்பு. இரும்புச்சத்து மாத்திரை மலத்தை இறுக்கும், அதற்காக நிறுத்த வேண்டாம். கீரை, கொய்யா, பேரிக்காய், தாராளமாகத் தண்ணீர். அப்படியும் இளகாவிட்டால் டாக்டர் சிரப் தருவார். மூத்திரம் முழுசாக வராத மாதிரி இருந்தால் எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்து பாருங்கள்.

அடி இறக்கம் மட்டுமே சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. ஏற்கெனவே கிழிந்ததை சிசேரியன் சரி செய்யவும் செய்யாது. ஆனால் முன்பு ஆயுதம் போட்டதையும் இந்த இறக்கத்தையும் பிரசவ ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே சொல்லுங்கள். கருப்பையின் வாய் முழுசாகத் திறக்கும்முன் முக்கச் சொன்னால் முக்காதீர்கள். வலி தொடங்கிய பிறகு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்குவது பாடு. கடைசி வாரங்களில் சேலத்தில் சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே தங்கிவிடுவது மேல். மூத்திரமே பிரியாமல் நின்றாலும், வெளியே வந்தது உள்ளே போகாமல் கறுத்தாலும், ரத்தம், நீர்க்கசிவு, காய்ச்சல், 37 வாரத்துக்கு முன் வலி, இதில் எது வந்தாலும் இரவோ பகலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு இரண்டு வழக்கங்களில் பெரியவர்களோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கும். வயிறு உள்ளே போகட்டும் என்று பழைய சேலையை இறுக்கிக் கட்டினால் அழுத்தம் முழுதும் கீழேதான் இறங்கும். கட்டுவதானால், ஆழமாக மூச்சு இழுக்கும்போது வயிறு தாராளமாக உப்பும் அளவுக்கே கட்டட்டும். பத்தியம் என்று தண்ணீரையும் காய்கறியையும் குறைத்தால் மலம் கட்டும், அது வேண்டாம். வலி இல்லையென்றால் மறுநாளே மெதுவாகப் பயிற்சியைத் தொடங்கலாம், ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால் அந்த இடம் உலர்ந்து, இறக்கம் கூடிவிட்டதுபோல் தோன்றும். பயப்பட வேண்டாம்.

வேலைக்குப் போகலாம். ஆறு வாரத்தில் ஒரு பரிசோதனை, மூன்று மாதமாவது கனமான வேலை வேண்டாம். பழம் பறிப்பதில் தவறில்லை, பறித்ததை மூட்டையாகச் சரிவில் சுமந்து வருவதில்தான் சிக்கல். சீசன் தொடங்கும்போதே மேஸ்திரியிடம் சொல்லி, சிறு பையாகப் பறித்து அடிக்கடி கொட்டும் ஏற்பாட்டைக் கேளுங்கள். மூட்டை தூக்க வேறு ஆள் இருக்கட்டும்.